மூன்று பேரும் இருபத்தொரு பேரும்

இருபத்தைந்து பேர் சேர்ந்து வாசிக்கிற குழுவில் ஒருவராக இருப்பதில் ஒரு வசதி உண்டு. தப்பாக வாசித்தால் யாருக்கும் தெரியாது. ஒரு கஷ்டமும் உண்டு. சரியாக வாசித்தாலும் யாருக்கும் தெரியாது.

தூத்துக்குடியில் கஸ்பார் மச்சாது என்று ஒருவர் இந்த வசதியையும் கஷ்டத்தையும் பதினோரு வருடம் சேர்த்து அனுபவித்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கதவகலத்துக்கு முதுகு. அவர் கையில் வயலினைப் பார்த்தால் பேரப்பிள்ளையின் விளையாட்டுச் சாமானைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார் என்றுதான் தோன்றும். சின்ன வயதில் பங்குக்கோயிலில் கொஞ்சம் கற்றுப் பாதியில் விட்டதை, ஐம்பது வயதில் ரோஷம் வந்து மறுபடி தொடங்கி, ஜெசிந்தா டீச்சரிடம் சீடராகச் சேர்ந்தார்.

இப்போது சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு முப்பத்தெட்டு. அவர் “டீச்சர்” என்பார். டீச்சர் “அண்ணாச்சி” என்பார். இருவருக்கும் அதில் ஒரு கூச்சமும் இல்லை.

வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பங்கு மண்டபத்தில் குழு ஒரு பெரிய இசையை வாசிக்கும். எல்லா வருடமும் அதேதான். முந்நூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலி நாட்டு வகை. கான்செர்ட்டோ கிராஸ்ஸோ என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கோயிலில் மன்றாட்டு மாலை சொல்லிப் பழகியவருக்கு இது தெரிந்த சங்கதிதான். முன்னால் இருக்கும் மூன்று பேர் ஒன்றைச் சொல்வார்கள். மொத்தக் கூட்டமும் பதில் சொல்லும். மறுபடி மூன்று பேர், மறுபடி கூட்டம். சத்தம் மெல்ல ஏறுவது, மெல்ல இறங்குவது என்ற பேச்சே கிடையாது. கூட்டம் நிறுத்திய நொடியில் மூன்று பேருடைய சத்தம் மட்டும் மிஞ்சும். இதற்கெல்லாம் அடியில் டீச்சரின் பெடல் ஆர்கன் முதலிலிருந்து கடைசிவரை நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்.

கஸ்பார் கூட்டத்தில் ஒருவர். அரைவட்டத்தின் நடு நாற்காலி அவருடையது.

அவர் மனைவி ஜெனோவா ஒரு வருடம் தவறாமல் வந்து கேட்பாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு வருடம் தவறாமல் அதே கேள்வியைக் கேட்பாள்.

“எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. இதுல எது உங்க சத்தம்?”

முதல் வருடம் கஸ்பார் பொறுமையாக விளக்கினார். இரண்டாம் வருடம் சிரித்து மழுப்பினார். மூன்றாம் வருடம் அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

“சாம்பாருல எது உப்புன்னு கேக்குற மாதிரில்லா இருக்கு?”

“உப்பு இல்லன்னா எனக்குத் தெரியும்” என்றாள் ஜெனோவா. “நீங்க இல்லன்னா தெரியாதே.”

அவள் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். கஸ்பாருக்கு அது சுருக்கென்று தைத்து அங்கேயே தங்கிவிட்டது. பதினோரு வருடமாகக் காலையில் இரண்டு மணி நேரம் அவர் வீட்டில் போட்ட கீச்சுச் சத்தத்தையெல்லாம் முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொண்டவள் அவள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தபோது அவருக்காகச் சண்டை போட்டவள். அவளுக்கு ஒரே ஒரு தடவையாவது, இது என் புருஷன் சத்தம் என்று கைகாட்டும்படி நல்லதாக ஒன்றைக் கேட்கக் கொடுக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார்.

அந்த ஆசைக்குக் கெடு வந்தது. இடது கைச் சுண்டுவிரல் உள்ளே மடங்கத் தொடங்கியது. நீட்டினால் வலித்தது. ஜனவரியில் அறுவை செய்தாக வேண்டும், அதற்குப் பிறகு வயலின் பிடிப்பதைப் பற்றி நான் எந்த வாக்கும் தர முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அதே வருடம் ஜூன் மாதம், முன் மூவரில் முதல் வயலினாக இருந்த பெல்லார்மின் சார் மகனோடு இருக்கக் கனடாவுக்குப் போனார். பத்தொன்பது வருடமாக அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியானது.

கஸ்பார் மூன்று மாதம் யோசித்தார். பிறகு ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் டீச்சரின் எதிரில் போய் நின்றார். நேராகக் கேட்க வாய் வரவில்லை. வேறு விதமாகக் கேட்டார்.

“டீச்சர், முன்னாடி இருக்கிற மூணு பேருக்கும் பின்னாடி இருக்கிறவங்களுக்கும் என்ன வித்தியாசம்?”

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். விரலைப் பார்த்தார்.

“முன்னாடி வந்து உக்காந்து பாருங்க அண்ணாச்சி” என்றார்.

அவ்வளவுதான். பரீட்சை இல்லை, நிபந்தனை இல்லை. கஸ்பாருக்குக் கண் நிறைந்துவிட்டது. நன்றி சொல்ல நினைத்து, சொல்லத் தெரியாமல், டீச்சரின் சைக்கிளைப் படியிறக்கி வெளியே கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார்.

வீட்டில் ஜெனோவாவிடம் சொன்னார். “இந்த வருசம் நீ அந்தக் கேள்வியைக் கேக்க மாட்ட.”

அன்றிலிருந்து வீட்டில் அந்த இசையை அவர் தொடவே இல்லை. பழகுவதெல்லாம் பங்கு மண்டபத்தில். ஜெனோவாவுக்கு அன்றைக்குத்தான் புதிதாகக் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை ஒத்திகை. கஸ்பார் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். முன் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு சந்தேகம் கேட்டார்.

“டீச்சர், எல்லாரும் சேர்ந்து வாசிக்கிற இடத்துல நாங்க மூணு பேரும் நிறுத்திக்கிடலாமா? நம்ம பகுதிக்குக் கையை வச்சுக்கிடலாம்ல?”

“இல்ல அண்ணாச்சி. எல்லாரும் வாசிக்கும்போது நீங்களும் எல்லாரும்தான். அவங்க நிறுத்துவாங்க. நீங்க நிறுத்தாம போய்க்கிட்டே இருப்பீங்க.”

தொடங்கினார்கள். இருபத்து நான்கு பேரும் சேர்ந்து வாசிக்கிற முதல் பகுதி கம்பீரமாகப் போய் முடிந்தது. இனி கூட்டம் நிறுத்த வேண்டும். தாளத்தின் ஒரு கட்டத்தை இவர்கள் ‘பார்’ என்பார்கள். கூட்டத்தின் தாளில் பதினாலு பார் ஓய்வு என்று பெரிதாகப் போட்டிருந்தது. கஸ்பார் மூச்சை இழுத்துக்கொண்டு தன் தனிப் பகுதிக்குள் காலடி எடுத்து வைத்தார்.

பின்னாலேயே இருபத்தொரு பேரும் வந்தார்கள்.

ஓய்வையெல்லாம் தாண்டிக் குதித்து, தாளில் அடுத்து என்ன இருந்ததோ அதை முழு மூச்சாக வாசித்தார்கள். மூவரில் செல்லோ என்ற பெரிய வயலினை வாசிப்பவர் திடுக்கிட்டு நிறுத்தினார். கஸ்பாரின் சத்தம் எங்கே போனது என்று கஸ்பாருக்கே தெரியவில்லை.

டீச்சர் கால் எடுத்தார். ஆர்கன் நின்றது.

“என்னவே இது!” கஸ்பார் திரும்பினார். “பதினாலு பார் சும்மா இருக்கணும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே, கண்ணு தெரியலியா?”

மக்ரூன் போடுகிற பேக்கரிக்காரர் தொம்மை பாவமாக எழுந்தார். அவரும் கஸ்பாரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

“நீரு நிறுத்தலியே வே” என்றார்.

“நான் எதுக்கு நிறுத்தணும்? நான் இப்ப முன்னாடில்லா இருக்கேன்!”

“அது சரி. எங்களுக்கு எப்படித் தெரியும்? உம்ம முதுகு அசையுற வரைக்கும் நாங்களும் வாசிச்சுக்கிட்டே இருப்போம். நீரு வில்லை இறக்குனா நிறுத்துவோம். எடுத்தா எடுப்போம். பதினோரு வருசமா அப்படித்தான் ஓடுது.”

“அப்ப யாருமே எண்ணினதில்லையா?”

இருபத்தொரு பேரும் தரையைப் பார்த்தார்கள். நர்ஸ் இமெல்டா மட்டும் மெல்லச் சொன்னாள். “நீங்க எண்ணுறீங்கன்னு நிம்மதியா இருந்துட்டோம் அண்ணாச்சி.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கஸ்பார் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. வாழ்நாளில் கிடைத்த ஒரே நாற்காலி, அதிலும் தன் சத்தம் கேட்காமல் போய்விட்டதே என்று அவருக்கு ஆத்திரம். அடுத்த மூன்று ஒத்திகையிலும் அதே கூத்து. ஒருவழியாக நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். மறுபடி எப்போது தொடங்குவது என்று தெரியவில்லை. ஐந்து பேர் பதினோராவது பாரில் புகுந்தார்கள். எட்டுப் பேர் பதினாறு வரை போய், புகுந்தவர்களைப் பார்த்துப் பதறிப் புகுந்தார்கள்.

கஸ்பார் டீச்சரிடம் போனார்.

“அவங்களைக் கொஞ்சம் கண்டிச்சு எண்ணச் சொல்லுங்க டீச்சர்.”

“நான் சொல்லி எட்டு வருசம் ஆச்சு. வரல. நீங்க எப்படி எண்ணினீங்களோ அதைச் சொல்லிக்கொடுங்க.”

மறுநாள் மத்தியானம் கஸ்பார் பேக்கரிக்குப் போனார். தொம்மை ஆறிக்கொண்டிருந்த மக்ரூன்களைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“ஒரு நாளைக்கு எத்தனை மக்ரூன் சுத்துதீரு?”

“நாலாயிரம்.”

“நாலாயிரம் எண்ணுற மனுசனுக்குப் பதினாலு வரலியா?”

“மக்ரூன் ஓடாது வே. இது ஓடுதே.”

கஸ்பார் மேசையில் தட்டிக்காட்டினார். ஒரு பாருக்கு நாலு தட்டு. தொம்மை விரல் மடக்கி எண்ணினார். ஆறாவது பாரில் ஒருவர் வந்து பன் கேட்டார். எண்ணிக்கை போயிற்று. மறுபடி எண்ணினார். பத்தில் அடுப்பு ஞாபகம் வந்தது.

“முதல்ல நீரு எண்ணிக் காட்டும்” என்றார் தொம்மை.

“இதுல காட்ட என்ன இருக்கு? பாரும்.”

கஸ்பார் கண்ணை மூடினார். தொம்மை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மேசையில் தட்டினார். சரியாகப் பதினாலு முடிந்த இடத்தில் கஸ்பாரின் வலது கை தானாக வில்லெடுப்பது போல மேலே போயிற்று.

“எத்தனை?” என்றார் கஸ்பார் பெருமையாக.

“பதினாலுதான். ஆனா நீரு எண்ணலியே.”

“பின்னே?”

“பாடிக்கிட்டுல்லா இருந்தீரு.”

கஸ்பார் நம்பவில்லை. மறுபடி கண்ணை மூடினார். இந்தத் தடவை உதட்டை இறுக்கிக்கொண்டு வெறும் எண்ணிக்கை மட்டும். ஒன்பதில் தடுமாறினார். இன்னொரு தடவை. பதினொன்றா பன்னிரண்டா என்று குழம்பிவிட்டது. கிரேனில் முப்பது வருடம் ஒரு பெட்டி தவறவிடாத மனிதர் பேக்கரி ஸ்டூலில் உட்கார்ந்து வியர்த்தார்.

உதட்டைத் திறந்தார். பாட்டு தானாக வந்தது. அது கூட்டத்தின் பாட்டு இல்லை. முன்னால் இருந்தவரின் பாட்டு. பெல்லார்மின் சாரின் தனிப் பகுதி, முதல் சுரத்திலிருந்து கடைசிவரை. அவர் ஏழாவது பாரில் கொஞ்சம் இழுப்பார். அந்த இழுப்பும் அப்படியே வந்தது. இவருக்கு அந்த மனிதர் மேல் இருந்த பொறாமை ஊருக்கே தெரியும். அவர் வாசிப்பு இத்தனை பத்திரமாக உள்ளே இருந்தது இவருக்கே தெரியாது.

நேரே டீச்சர் வீட்டுக்குப் போனார்.

“டீச்சர், நான் ஒரு நாளும் எண்ணினதில்ல.”

“தெரியும் அண்ணாச்சி.”

“எப்படி?”

“உங்க வாய் அசையும். ஆர்கன்ல இருந்து பாத்தா நல்லாத் தெரியும்.” டீச்சர் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். “பெல்லார்மின் சார்கிட்ட இதைச் சொன்னீங்களா?”

“எதை?”

“அவர் வாசிச்சது உங்களுக்கு மனப்பாடம்னு.”

கஸ்பார் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை கனடாவுக்குப் போன் போட்டார். அங்கே முந்தின நாள் சாயங்காலம். பெல்லார்மின் சார் குளிரைப் பற்றிப் புலம்பினார். கஸ்பார் குறுக்கே புகுந்து, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

பெல்லார்மின் சார் குளிரை மறந்துவிட்டார்.

“பத்தொம்பது வருசம் அந்த நாக்காலில இருந்தேன் கஸ்பார்” என்றது குரல். “ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்ல. பின்னாடி இருந்து எல்லாரும் என்னை ஏசிக்கிட்டே இருக்கீங்கன்னுதான் நெனச்சேன்.”

“ஏசவும் செஞ்சேன் சார்.”

பெல்லார்மின் சார் சிரித்தார். “ரொம்ப நன்றி கஸ்பார்.”

“நாந்தான் சார் சொல்லணும். இத்தனை வருசம் நான் தப்பாம உள்ள வந்தது உங்களாலதான்.” பிறகு கேட்டார். “அந்த ஏழாவது பார்ல இழுப்பீங்களே, அது ஏன் சார்?”

“அங்கன எனக்கு மூச்சு வாங்கும். நீங்க இழுக்காதீங்க.”

“என் விரலுக்கும் அங்கனதான் சார் மூச்சு வாங்குது.”

அதற்குப் பிறகு கஸ்பார் கூட்டத்தை ஏசுவதை விட்டுவிட்டார். எண்ணச் சொல்வதையும் விட்டுவிட்டார். வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடிப் போனார். தொம்மையின் பேக்கரிப் பின்கட்டில் மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்று தன் தனிப் பகுதியை வாசித்தார். இமெல்டாவின் மருத்துவமனைக்கு வெளியே வேப்பமரத்தடியில், அவள் சோறு சாப்பிடுகிற அரை மணி நேரத்தில் வாசித்தார். உப்பளத்து ஆபீஸில் இரண்டு பேர், தபால் ஆபீஸில் ஒருவர். போன இடமெல்லாம் இதையே சொன்னார். “எண்ண வேண்டாம். கேளுங்க. நான் எங்க முடிப்பேன்னு உங்களுக்கே தெரியும்.”

சிலருக்கு நாலு நாளில் வந்தது. தொம்மைக்கு ஒரு மாதம் ஆயிற்று. நவம்பர் கடைசி ஒத்திகையில் பதினேழு பேர் சரியாக வந்தார்கள். நாலு பேர் இன்னும் பக்கத்து ஆளின் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவது பாரில் கஸ்பாரின் சுண்டுவிரல் இரண்டு தடவைக்கு ஒரு தடவை சண்டித்தனம் செய்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கே வானம் கறுத்திருந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது. ஜெனோவா புதுப் பட்டுப்புடவை கட்டி முதல் வரிசையில் நடுவில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாவிடம், “எங்க வீட்டுக்காரர் முன்னாடி மூணு பேர்ல ஒருத்தர். அவர் சத்தம் தனியாக் கேக்கும், கேட்டுக்கிடுங்க” என்று சொல்லிவைத்தாள்.

எல்லாரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். முதல் பகுதி முடிகிற தறுவாயில் கூரையில் ஒரு கல் விழுந்தது போல இருந்தது. பிறகு பத்து. பிறகு மழை மொத்தமாகக் கொட்டிற்று.

பங்கு மண்டபத்துக்குத் தகரக் கூரை. மேலே கடலையே கவிழ்த்தது மாதிரி இரைச்சல். கூட்டம் நிறுத்தியது. மூன்று பேர் சத்தம் மட்டும் மிஞ்ச வேண்டிய இடத்தில் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

கஸ்பார் வாசித்தார். தாடைக்குக் கீழே வயலின் அதிர்வது அவருக்குத் தெரிந்தது. காதில் அவ்வளவாக விழவில்லை. கண்ணை உயர்த்தி ஜெனோவாவைப் பார்த்தார். அவள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து முன்னால் சாய்ந்திருந்தாள். முகத்தைச் சுருக்கிக்கொண்டு அவர் கையையே பார்த்தாள். அவளுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்துவிட்டது. பக்கத்து அம்மா ஏதோ கேட்க, ஜெனோவா தலையை ஆட்டினாள்.

நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. டீச்சரின் கால் ஆர்கனை மிதித்துக்கொண்டுதான் இருந்தது. ஏழாவது பார் வந்தது. சுண்டுவிரல் அன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டது. இத்தனை நாளில் அவர் அந்த இடத்தை அவ்வளவு சுத்தமாக வாசித்ததே இல்லை. அது யாருக்கும் போய்ச் சேரவில்லையே என்று அவருக்கு அழுகை முட்டியது. விடாமல் பதினாலாவது பாரின் கடைசிவரை வாசித்து, வில்லை எடுக்காமல் அப்படியே அடுத்ததற்குள் போனார். கூட்டம் வந்து சேர்ந்தது. அதன் சத்தம் மழையைக் கிழித்துக்கொண்டு மண்டபம் முழுக்கக் கேட்டது. சனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இன்னும் நாலு தடவை அப்படியே நடந்தது. மூன்று பேர் வாசித்தபோதெல்லாம் மழை கேட்டது. கூட்டம் வாசித்தபோதெல்லாம் இசை கேட்டது. எல்லாம் முடிந்து சனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டி முடிக்கவும் மழை ஓயவும் சரியாக இருந்தது. அதைவிட எரிச்சலான விஷயம் உலகத்தில் உண்டா?

ஜெனோவா மேடைக்குப் பக்கத்தில் வந்தாள். அவர் நெற்றியில் இருந்த வியர்வையைப் புதுப் புடவை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

“கேட்டுச்சா?” என்றார் கஸ்பார்.

அவளுக்குப் பொய் சொல்ல வராது.

“கையசைஞ்சது தெரிஞ்சுது. சத்தம் கேக்கலங்க. பாழாப்போன மழை. வீட்டுக்கு வந்து எனக்கு மட்டும் வாசிச்சுக் காட்டுங்க, போதும்.”

“வாசிக்கேன்” என்றார் கஸ்பார். வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு எங்கே போவது, இருபத்தொரு பேருக்கு எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை. பதினோரு வருடமும் மழை தூறியபோதெல்லாம் குடையோடு வந்து நின்றவள் அவள். இப்போதும் கையில் குடை வைத்திருந்தாள். அவளைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு டீச்சரிடம் போனார்.

டீச்சர் ஆர்கனை மூடித் துணி போர்த்திக்கொண்டிருந்தார்.

“ரொம்ப நன்றி டீச்சர்” என்றார் கஸ்பார். “நாக்காலி கொடுத்தீங்க. அதை நான் மறக்க மாட்டேன்.”

டீச்சர் துணியின் நுனியை இழுத்துவிட்டார்.

“விரல் எப்படி?”

“இன்னைக்குத் தொந்தரவு பண்ணல. ஏழாவது பார் நல்லா வந்துச்சு.” அவர் குரல் இறங்கியது. “வந்து என்ன? ஒருத்தருக்கும் கேக்கலியே டீச்சர். இனி விரலும் இருக்காது. ஒரு உசுருக்குக்கூட என் சத்தம் கேக்காம போச்சே.”

டீச்சர் நிமிர்ந்தார்.

“தகரத்துல அவ்வளவு மழை. என் ஆர்கன் எனக்கே கேக்கல. கண்ணால பாத்து வாரதுக்கு நீங்க வில்லை இறக்கவும் இல்ல, எடுக்கவும் இல்ல. அஞ்சு தடவை அண்ணாச்சி, அஞ்சு தடவையும் அந்த இருபத்தொரு பேரும் ஒரு நூல் பிசகாம ஒண்ணா உள்ள வந்தாங்களே. எதைக் கேட்டு வந்தாங்க?”